கழுத்துவலிக்குச் சூட்டு ஊசி: இடைவெளியைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதக்கணக்கில் நீடிக்கும் கழுத்துவலிக்குச் சூட்டு ஊசி போடுவதாக விளம்பரங்கள் பெருகிவிட்டன. ஊசியைச் செக்கச்செவேலெனக் காய்ச்சிக் குத்தி உடனே எடுப்பது ஒரு முறை. குத்திய அக்குபஞ்சர் ஊசியின் கைப்பிடியில் மாக்சா, அதாவது மாசிபத்திரி இனத்துச் செடியின் இலைப்பஞ்சைத் துண்டாகச் செருகிக் கொளுத்துவது இன்னொரு முறை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். இக்கடிதம் இரண்டாவதைப் பற்றியது.

“சூடு ஊசி வழியாக எலும்பு வரை இறங்கும்” என்பது மிகை. வெள்ளி கடத்தும் வெப்பத்தில் இருபதில் ஒரு பங்கைக்கூடத் துருப்பிடிக்காத எஃகு கடத்தாது, அதுவும் 0.30 மி.மீ. கம்பி. தோலில் உறைக்கும் கதகதப்பு பெரும்பாலும் துண்டிலிருந்து நேராக வீசும் அனல்தான். ஆகவே மருந்தளவு என்பதே தணலுக்கும் தோலுக்கும் உள்ள இடைவெளி. சுமார் 2 செ.மீ. நீளத் துண்டின் அடிப்பாகம் தோலிலிருந்து 2 முதல் 3 செ.மீ. மேலே நிற்க வேண்டும். கொளுத்துவது அடியிலிருந்து.

தவறு நடப்பது பெரும்பாலும் ஆழத்தில். மேலோட்டமாகக் குத்திய ஊசி துண்டின் பாரம் தாங்காமல் சாய்ந்து, தணல் தோலில் படும். பிளாஸ்டிக் கைப்பிடி உருகும்; உலோகச் சுருள் கைப்பிடிதான் வேண்டும். ஊசியைச் சுற்றி, நடுவில் வெட்டிய தடித்த அட்டையை வைத்தால் சாம்பல் விழுந்தாலும் தோல் தப்பும். கூந்தலை ஒதுக்கித் துணியால் மூடுவதும் அவசியம். எண்ணெய் தேய்த்த தலை என்றால் சொல்லவே வேண்டாம். துண்டு முழுதும் எரிந்து கைப்பிடி ஆறிய பிறகே ஊசியை எடுக்க வேண்டும். உட்கார வைத்துச் செய்தால் சிலர் மயங்கிச் சாய்வார்கள். குப்புறப் படுப்பதே நல்லது. ஊசியை எடுக்கும் வரை யாரும் அறையை விட்டு நகரக் கூடாது.

சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். நெய், பற்பசை வேண்டாம்.

கொப்புளத்தைவிடப் பெரிய ஆபத்து, தோள் மேட்டின் நடுவில் ஊசி குத்தும் புள்ளி. அதன் கீழே நுரையீரலின் நுனி. அங்கே செங்குத்தாக ஆழக் குத்தினால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வறட்டு இருமல் வீடு திரும்பிச் சில மணி நேரம் கழித்தும் வரும். அப்போது “நாளை பார்க்கலாம்” என்று இருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், ஊசி போட்டதைச் சொல்ல வேண்டும்.

பலன் இல்லையா? அக்குபஞ்சரால் பலருக்குச் சில வாரங்கள் வலி குறைகிறது. சூடும் சேர்ந்தால் கூடுதலாக எவ்வளவு என்று அளப்பது கடினம். ஒப்பிட்டுப் பார்க்க, நோயாளி உணராதபடி போலிச் சூடு வைக்க வழியில்லையே! வலி தணிந்த அந்த இடைவேளையில் கழுத்துத் தசைகளுக்கும் தோள்பட்டைக்கும் பயிற்சி செய்யாவிட்டால் வலி திரும்பி வருவது சகஜம்.

சர்க்கரை நோயால் தோல் உணர்ச்சி மங்கியவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆஸ்துமாக்காரர்களுக்குப் புகை ஆகாது. கழுத்துவலியோடு கை பலவீனமாகிச் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுபவர்கள், நடை தள்ளாடுபவர்கள், சிறுநீர் கட்டுப்படாதவர்கள் ஊசிக்குப் போகவே கூடாது. தண்டுவடம் அழுந்துகிறதா என்று மருத்துவர் பார்ப்பதுதான் முதல் வேலை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்