ஆறு அடி ஃபிலிம்

சாத்தூர்,
14.12.2025

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலமாக இருக்கிறோம். பேரனை அழைத்துப் போக மாப்பிள்ளை நாளை வருகிறார். அவன் பையிலேயே இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன். அவனை இங்கே விட்டுச் சென்ற அன்று, "அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பு முடிவுத் தேர்வான பி.எஸ்.எல்.இ. எழுத வேண்டிய பிள்ளை, எந்நேரமும் சூப்பர் ஹீரோ, ஜப்பான் கார்ட்டூனான அனிமே என்று கிடக்கிறான். நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா அப்பா?" என்று கேட்டாய். எடுத்துச் சொல்லும் எண்ணத்தோடுதான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே விட்டு விட்டு மழை, உள்ளே தொலைக்காட்சி; மூன்று வாரம் இப்படிப் போன பிறகு, அவனிடம் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை, உன்னிடம் சொல்லத்தான் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் என் கதை. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வெளிவந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பிரிட்டனில் வரையப்பட்ட சித்திரக்கதை அது. விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட ஒருவன், உடம்பில் மின்சாரம் பாய்ந்ததும், அந்தக் கை மட்டும் தெரிய, மறைந்துபோவான். எங்கள் வீட்டுக்கு அப்போது மின்சார இணைப்பு வராமலிருந்ததால்தான் நான் பிழைத்தேன் என்று உன் அப்பத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே, பறக்கிறவனையும் மறைகிறவனையும் கண்டு வாய்பிளக்கும் நோய் உன் மகன் சிங்கப்பூரில் பிடித்துக்கொண்டது என்று நினைக்காதே; அது இந்தக் குடும்பத்துச் சொத்து.

1979 முதல் 2010 வரை நம்மூர்த் தியேட்டரில் ஆபரேட்டராக நின்றவனுக்கு ஒரு வசதி உண்டு. புதுப் படத்தை இரண்டு நாளில் பார்த்துத் தீர்த்துவிடுவோம். அதன் பிறகு, ரீல் மாற்றும் நேரம் போக, சுவரிலிருக்கும் சிறு துவாரத்தின் வழியே கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். எங்கே விசில் பறக்கும், எங்கே பீடி பற்றவைக்க எழுந்து போவார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அங்கே நின்று நான் கண்டது, கைதட்டல் விழும் இடம் பெரும்பாலும் அடி விழும் இடமாக இருப்பதில்லை. இனி அவ்வளவுதான், யாரும் இல்லை என்று ஆன பிறகு ஒருவன் வந்து நிற்கிறான் பார், அந்த வருகைக்குத்தான் கை தட்டுகிறார்கள். 2019இல் நீ எங்களை மதுரைக்கு அழைத்துப் போய் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' காட்டினாயே, நினைவிருக்கிறதா? உடைந்த கேடயத்தோடு கேப்டன் அமெரிக்கா ஒற்றை ஆளாக ஒரு படையின் முன்னால் நிற்க, அவன் முதுகுக்குப் பின்னால் வட்டம் வட்டமாக வாசல்கள் திறந்து, முந்தைய படத்தில் தூசியாக உதிர்ந்துபோனவர்கள் ஒவ்வொருவராக வந்து இறங்கியபோது எழுந்த கூச்சல், எங்கள் தியேட்டரில் எம்.ஜி.ஆர். முகம் திரையில் தெரியும்போது எழுந்த கூச்சல்தான். ஒரு மாற்றமும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. 2008இல் 'அயர்ன்மேன்' படத்தோடு தொடங்கிய மார்வெல் நிறுவனத்தின் படவரிசையில் 'எண்ட்கேம்' இருபத்திரண்டாவது. உன் அம்மா வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்து வைத்திருந்தாளே, அவளுக்குப் பத்திரிகை வரும் வியாழக்கிழமை எப்படியோ, உலகத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் படங்களின் பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்தபின் வரும் அந்தக் குட்டிக் காட்சி அப்படி. பதினோரு ஆண்டுகள் 'தொடரும்' போட்டு, ஒருவன் சாவோடு ஒருவாறு 'முற்றும்' போட்டார்கள். அதற்குப் பிறகும் விடாமல் தொடர்ந்துகொண்டிருப்பதைப் பேரனே கொட்டாவி விட்டுக்கொண்டுதான் பார்க்கிறான். முற்றும் போடத் தெரியாத கதைக்கு எங்கள் காலத்திலும் வாசகர் கடிதத்தில் வசைதான் வரும்.

ஆனாலும் இந்த வீரர்களைப் பண மூட்டைகள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில் வேலையும் கூலியும் அற்றுக் கிடந்த பஞ்ச காலத்தில், கிளீவ்லேண்ட் நகரத்து இளைஞர்கள் இருவர், ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும், உருவாக்கியவன் சூப்பர்மேன். 1938இல் அச்சேறிய அவனுடைய உரிமையை அவர்கள் விற்றது 130 டாலருக்கு. 1962இல் வந்த ஸ்பைடர்மேனோ பள்ளிக்கூடப் பையன். பிழைப்புக்கு அல்லாடுகிறவன். அவன் தமிழ் பேசி நம்மூருக்கு வந்தபோது ஓட்டியவன் நான். இரண்டாவது படத்தில், ஓடும் ரயிலைத் தன் உடம்பால் இழுத்து நிறுத்திவிட்டு அவன் மயங்கிச் சாய்கிறான். முகமூடி கழன்று கிடக்கிறது. பயணிகள் அவனைக் கைமாற்றிக் கைமாற்றித் தலைக்குமேல் தூக்கிப்போய்ப் படுக்க வைத்து, இவ்வளவு சின்னப் பையனா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த இடத்தில் எங்கள் தியேட்டரில் கைதட்டல் இல்லை. அரங்கு முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. துவாரத்தின் வழியே அதைப் பார்த்தவன், அதன் பொருளை அன்று யோசிக்கவில்லை.

யோசித்திருந்தால் நான் செய்துகொண்டிருந்த ஒரு வேலையை நிறுத்தியிருப்பேன். இதை உன்னிடம் சொன்னதில்லை. பொங்கல், தீபாவளி நாள்களில் ஐந்து காட்சி ஓட்டுவோம். ஐந்தாவது காட்சிக்கு நேரம் கிடைக்க வேண்டுமென்றால் படத்தில் எங்காவது கை வைத்தாக வேண்டும். எங்கே என்பதை முதலாளி என்னிடம் விட்டுவிடுவார். சண்டையைத் தொட முடியாது. பாட்டைத் தொட்டால் நாற்காலி உடையும். ஆகவே, 'ஒன்றும் நடக்காத' இடங்களாகப் பார்த்து எடுத்துவிடுவேன். ஒருத்தி ஜன்னலோரம் நின்றுகொண்டிருப்பாள். ஒருவன் கண்மாய்க் கரையில் நடந்துகொண்டே இருப்பான். ஒரு கிழவி விளக்குத் துடைப்பாள். எல்லாம் தகர டப்பாவுக்குள் போய்விடும். படப்பெட்டி திரும்பும்போது ஒட்டிக் கொடுத்துவிடுவேன். குறைகிறதே என்று ஒருவரும் கேட்டதில்லை என்பதால், அவை தேவையற்றவை என்றே முப்பது ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

பேரன் எனக்கு 'மை நெய்பர் டோட்டோரோ' என்ற ஜப்பானியப் படத்தைப் போட்டுக் காட்டினான். 1988இல் ஹயாவோ மியாசாகி எடுத்தது. மழைச் சாலை, பஸ் நிறுத்தம். அப்பாவின் குடையோடு இரண்டு சிறுமிகள் காத்திருக்கிறார்கள். வந்த பஸ்ஸில் அப்பா இல்லை. இருட்டுகிறது, சின்னவள் அக்காவின் முதுகிலேயே தூங்கிவிடுகிறாள். தலையில் ஓர் இலையைக் கவிழ்த்துக்கொண்டு பூதம் போன்ற ஒரு பிராணி பக்கத்தில் வந்து நிற்கிறது. பெரியவள் அப்பாவின் குடையை அதற்கு நீட்டுகிறாள். மரத்திலிருந்து சொட்டும் நீர் குடைத்துணியில் விழும் ஓசை அதற்குப் பிடித்துப்போகிறது; ஒரு குதி குதிக்க, மரங்களில் தங்கியிருந்த மழையெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டுகிறது. இவ்வளவுதான். வில்லன் இல்லை, துரத்தல் இல்லை. என் கையில் அந்த ரீல் கிடைத்திருந்தால் பாதிக்குமேல் டப்பாவுக்குள் போயிருக்கும். ஆனால் மற்ற படங்களில் பேச்சு நீளும்போதெல்லாம் ரிமோட்டை அழுத்திப் பத்துப் பத்து விநாடியாகத் தள்ளிக்கொண்டே போகும் உன் மகன், இந்த இடம் வருவதற்கு முன்பே ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டான். ஐந்தாவது முறையாகப் பார்க்கிறானாம்.

அந்த மியாசாகி, ராஜர் ஈபர்ட் என்ற அமெரிக்க விமர்சகரிடம் இதை விளக்கியிருக்கிறார். சில முறை கை தட்டிக் காட்டி, தட்டலுக்கும் தட்டலுக்கும் நடுவே இருக்கும் நேரத்துக்கு எங்கள் மொழியில் 'மா' என்று பெயர் என்றாராம். மிருதங்கக்காரர்களிடம் கேட்டால் கார்வை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மியாசாகி 1984இல் எடுத்த 'நௌசிகா' படத்தை அமெரிக்காவில் இருபது நிமிடத்துக்கும் மேல் வெட்டி வெளியிட்டார்கள். அந்தச் சூட்டினால், பின்னாளில் 'பிரின்சஸ் மோனோநோகே' அங்கே போனபோது, தயாரிப்பாளர் தோஷியோ சுசுகி அமெரிக்க விநியோகஸ்தருக்கு ஒரு ஜப்பானிய வாளைக் கொடுத்து, "வெட்டக் கூடாது" என்று மட்டும் சொன்னாராம். பேரன் இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். டப்பா விஷயத்தை அவனிடம் முன்பே உளறியிருந்தேன்.

அதே மியாசாகியின் 'தி விண்ட் ரைசஸ்' படத்தில் கூட்டம் நகரும் ஒரு காட்சி, திரையில் நான்கே விநாடி. அதை வரைய எய்ஜி யாமமோரி என்ற ஓவியருக்கு ஓர் ஆண்டும் மூன்று மாதங்களும் பிடித்தன. நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும் கணக்கில் நான்கு விநாடி என்பது ஆறு அடி ஃபிலிம். ரீல் அறுந்தால் ஒட்டுவதற்காக நாங்கள் கத்தரித்துத் தரையில் தள்ளிய துண்டுகளை ஒரு வாரம் சேர்த்தால் ஆறு அடி தேறும். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஜப்பானியப் படம் என்றாலே மழையும் மௌனமும் என்று நினைத்துவிடாதே. நீயே அவனை அழைத்துப் போய்க் காட்டிய 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' முழுக்க வாள்வீச்சு. தொலைக்காட்சித் தொடர்களில் உருவம் அசையாமல் நிற்க வாய் மட்டும் அசைவதும் சேர்ந்துகொள்கிறது. அது 1963இல் ஒசாமு தெசுகா 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரைக் குறைந்த செலவில் எடுக்கக் கையாண்ட சிக்கனத்தின் மிச்சம். சண்டைக்கு நடுவே நின்று தன் உத்தியை விளக்கிப் பேசுகிறார்களே, அதற்கு மட்டும் கத்தரியைத் திரும்பக் கையில் எடுக்கலாம் என்று தோன்றியது. ஆனால் அந்தப் படத்தில் பேரன் எனக்குச் சொல்லிக் காட்டிய இடம் வேறு. அகாசா என்ற அசுரன் தோற்கும் தறுவாயில், நோயாளித் தகப்பனுக்கு மருந்து வாங்குவதற்காகத் திருடிய சிறுவனாக அவன் இருந்த காலம் திறக்கிறது. "கெட்டவன்தான் தாத்தா, ஆனா பாவம்" என்றான். திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் பார்க்கிற கூட்டத்தில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றபோது, சூரனை ஏன் மயிலாக்கிக் கூடவே வைத்துக்கொண்டார் என்று நீ கேட்டாய். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. உன் மகன் அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டான்.

டோட்டோரோவின் சிறுமிகளுக்குத் தாய் மருத்துவமனையில் இருக்கிறாள். மியாசாகியின் தாயாரும் முதுகெலும்புக் காசநோயால் ஆண்டுக்கணக்கில் படுத்திருந்தவர். உன் அம்மா மதுரையில் இரண்டு மாதம் படுத்திருந்தபோது உனக்கு ஏழு வயது. இரண்டாம் ஆட்டம் முடிந்து நான் வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருப்பாய். பக்கத்து வீட்டு ஆச்சி கூப்பிட்டாலும் உள்ளே போக மாட்டாய். அந்தக் காத்திருப்பு உனக்கு எப்படி இருந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நீ இந்தப் படத்தைப் பார்த்தாயா என்று பேரனிடம் கேட்டேன். பாதியில் சமையலறைக்குப் போய்விட்டாய் என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு உட்கார்ந்து முழுவதும் பார்.

தேர்வு ஆண்டில் எவ்வளவு நேரம் என்பதை நீதான் தீர்மானிக்க வேண்டும். அதில் நான் தலையிடவில்லை. வாரத்துக்கு ஒரு படம் என்று வைத்தாலும் சரி, மாதத்துக்கு ஒன்று என்றாலும் சரி. ஆனால் அந்த ஒரு படத்தைத் தள்ளாமல் பார்க்க வேண்டும் என்று அவனிடம் பேசி முடித்திருக்கிறேன். ரிமோட் சோபாவில் இல்லாமல் அலமாரிமேல் இருக்கும். அவனும் ஒப்புக்கொண்டான்.

பையின் அடியில், சட்டைகளுக்குக் கீழே, இரும்புக்கை மாயாவி இரண்டு புத்தகங்கள் வைத்திருக்கிறேன். எழுத்துக் கூட்டித் தமிழிலேயே படிக்கிறான். வீட்டில் பிளக் பாயிண்டுகளை மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொள்.

உன் அப்பா