வேட்டைக்கு ஆள் சேர்க்கும் செந்திலுக்கு

அன்புத் தம்பி செந்தில்,

அமெரிக்காவின் கொலராடோவில், டென்வரில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் சிலரை வேட்டைப் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டாயாமே. நல்லது. ஆனால், "ஆள் குறைந்தால் வேட்டையே அழிந்துவிடும்" என்று நீ சொல்லித் திரிவதோடு எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது.

பணத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வேட்டைக்காரர் பணத்தில்தான் வனவிலங்குகள் காப்பாற்றப்படுகின்றன என்று நீ எப்போதும் அங்கேதான் தொடங்குவாய். 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம் வரி. அது மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. சரிதான். ஆனால் அந்த வரியில் பெரும்பங்கைக் கட்டுவது காட்டுப் பக்கமே போகாதவர்கள்: குறிபார்த்துச் சுடப் பழகுகிறவர்கள், தற்காப்புக்கென்று பிஸ்டல் வாங்கிப் பூட்டி வைப்பவர்கள். அந்தப் பணத்தை மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது பாதி நிலப்பரப்பைப் பார்த்து, பாதி வேட்டை லைசென்ஸ் வாங்கியவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துத் தருகிறார்கள். கொலராடோ தலையெண்ணிக்கையைக் கூட்டினால் நமக்கு வரும் கூடுதல், வேறொரு மாநிலத்தின் பங்கில் குறையும். எல்லா மாநிலமும் ஆள் பிடித்தால், பந்தியில் இலை கூடுமே தவிரப் பானையில் சோறு அவ்வளவாகக் கூடாது. லைசென்ஸ் கட்டணம் நிஜமான வரவு, அதை மறுக்கவில்லை.

எனக்குப் பெரிய கவலை இடம்தான். எல்க் என்னும் பெரிய மானைச் சுடுவதற்கான டேக்குக்கு, அதாவது அனுமதிச் சீட்டுக்கு, குலுக்கலில் தோற்றவர்களுக்குக் கிடைக்கும் பாயின்ட்டை இருபது வருஷத்துக்கு மேல் சேர்த்துக் காத்திருப்பவர்கள் இங்கே உண்டு. நெரிசல் தாங்காமல்தானே, மேற்குக் கொலராடோவில் வெளிமாநில வில் வேட்டைக்காரர்கள் கேட்டவுடன் வாங்கிக்கொண்டிருந்த எல்க் டேக்கையும் 2025 முதல் குலுக்கலில் போட்டார்கள்? நீயோ எந்தப் பள்ளத்தாக்கில் எல்க் நிற்கிறது என்று வீடியோவில் வரைபடமே காட்டுகிறாய்! இதில் யாருக்கு என்ன லாபம், புதிதாக வருகிறவனுக்கே?

வேட்டைக்காரர்கள் கூடினால் நம் பக்கம் ஓட்டும் கூடும் என்று நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று நினைத்ததுண்டு. 2024 நவம்பரில் மலைச்சிங்க (பூமா) வேட்டையைத் தடைசெய்யக் கோரி மக்கள் ஓட்டுக்கு விட்ட 127-ஆம் முன்மொழிவு தோற்றது. ஆனால் கொலராடோவில் வேட்டைக்காரர்களான நாம் சிறுபான்மை. வேட்டையாடாதவர்கள் ஏராளமாக எதிர்த்து ஓட்டுப் போடாமல் அது தோற்றிருக்காது. செத்த விலங்கின் மேல் காலை வைத்துச் சிரிக்கும் படங்கள் அவர்கள் கண்ணிலும் படுகின்றன, தம்பி. புதிதாகப் பத்துப் பேர் வந்து அப்படிப் பத்துப் படம் போட்டால் நமக்கு நஷ்டம்தான்.

ஆள் தேவைப்படும் இடமே இல்லை என்று சொல்லவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தின் வேளாண் பகுதிகளில் கொம்பில்லா மானுக்கான (பெண் மான், குட்டி) டேக்கை லைசென்ஸோடு இலவசமாகவே தருகிறார்கள். மான் அவ்வளவு பெருகிக் கிடக்கிறது, சுடுகிறவர்களுக்கு வயதாகிக்கொண்டு போகிறது. அங்கே ஆள் சேர், நானும் கூட நிற்கிறேன்.

உன் புது மாணவர்களுக்கு முதல் வருஷம் எல்க் ஆசை காட்டாதே. முயல், க்ரௌஸ் என்னும் காட்டுக்கோழி போதும். அதற்குக் குலுக்கலும் கிடையாது. பிடித்துப்போனால் நவம்பரில் நன்றி நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) முந்தைய சனிக்கிழமை விஸ்கான்சினில் துப்பாக்கி சீசன் தொடங்கும்போது கூட்டிப் போவோம். பெட்ரோல் என் செலவு, மான் கறியைப் பங்கு போடும் பஞ்சாயத்து உன் பொறுப்பு. அதற்குள் அந்த வரைபட வீடியோவை எடுத்துவிடு.

அன்புடன்,
அண்ணன்