ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் அனுமதிக் கடிதம்

ஹாரிஸ்பர்க்
14 அக்டோபர் 2025

அன்பு மகள் மலருக்கு,

உன் நிலத்தில் ஞாயிறன்று மான் வேட்டையாட அனுமதி கேட்டுப் பக்கத்து நிலத்துக்காரர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தாய். போடலாம். ஆனால் அவர் எழுதிக் கொண்டுவந்த காகிதத்தில் வேண்டாம். நீயே ஒன்று எழுதி, அதில் போடு. ஏன், எப்படி என்று கீழே சொல்கிறேன். மாப்பிள்ளையையும் உட்கார வைத்துப் படி. ஞாயிற்றுக்கிழமை நாயைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறவர் அவர்தானே.

முதலில் சட்டம். பென்சில்வேனியாவில் ஞாயிறு வேட்டைத் தடை 1873இல் வந்தது. வெகுகாலம் நரி, கொயோட்டி என்ற சிறு ஓநாய், காகம் இந்த மூன்றுக்கும்தான் விலக்கு. 2019 நவம்பரில் கவர்னர் டாம் வுல்ஃப் கையெழுத்திட்ட 107ஆம் சட்டம் மூன்றே மூன்று ஞாயிறுகளைத் திறந்துவிட்டது. வில் பருவத்தில் ஒன்று, ரைஃபிள் பருவத்தில் ஒன்று, வேட்டையை நிர்வகிக்கும் மாநில அமைப்பான கேம் கமிஷன் தன் விருப்பப்படி ஒன்று. இந்த ஜூலையில் கவர்னர் ஜோஷ் ஷபீரோ கையெழுத்திட்ட 36ஆம் சட்டம் தடையையே எடுத்துவிட்டு, எந்தெந்த ஞாயிறு என்று தீர்மானிக்கும் பொறுப்பைக் கமிஷனிடம் கொடுத்தது. கமிஷன் இந்த ஆண்டுக்கு 13 ஞாயிறுகளை அறிவித்தது. செப்டம்பர் 14இல் தொடங்கி டிசம்பர் 7இல் முடிகிறது. ஐந்து போய்விட்டன, எட்டு மிச்சம். வாத்து போன்ற வலசைப் பறவைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை இன்னும் விடுமுறைதான்.

"இனி யார் வேண்டுமானாலும் ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கியோடு வந்து நிற்பார்களே" என்று எழுதியிருக்கிறாய். இல்லை, கண்ணு. தனியார் நிலத்தில் ஞாயிறன்று வேட்டையாட நிலத்துக்காரரின் அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். மற்ற ஆறு நாளைக்கும் வாய்ச்சொல் போதும், ஏழாம் நாளுக்குக் காகிதம் வேண்டும். அவர் காகிதத்தோடு உன் வாசலுக்கு வந்ததே அதனால்தான். 2019 சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அதற்கு முன்பு அத்துமீறி நுழைந்தவர் மேல், வேறு ஏதாவது வேட்டைக் குற்றமும் சேர்ந்திருந்தால்தான் கமிஷனின் காவல் அதிகாரியான கேம் வார்டன் வழக்குப் போட முடியும். இப்போது அத்துமீறலே தனிக் குற்றம், வார்டனை நேராகக் கூப்பிடலாம்.

ஆனால் உன் பின்வேலிக்கு அப்பால் இருப்பது ராத்ராக் அரசுக் காடு. அங்கே வேட்டையாட உன் கையெழுத்து யாருக்கும் தேவையில்லை. நீ மறுத்தாலும் வெடிச் சத்தம் கேட்கத்தான் செய்யும்.

இந்தச் சண்டை இத்தனை ஆண்டு இழுத்ததற்கு இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததுதான் காரணம். வேட்டைக்காரர்கள் சொல்வது நாள் கணக்கு. இந்த ஆண்டு ரைஃபிள் பருவம் நவம்பர் 29 முதல் டிசம்பர் 13 வரை. வாரம் ஐந்து நாள் வேலைக்கோ பள்ளிக்கோ போகிறவருக்கு அதில் மூன்று சனிக்கிழமைதான் கிடைக்கும். இரண்டு ஞாயிறு சேர்ந்தால் ஐந்து நாள். 1982வாக்கில் இந்த மாநிலத்தில் சுமார் 13 லட்சம் பேர் வேட்டை உரிமம் வாங்கினார்கள். இப்போது ஒன்பது லட்சத்துக்கும் கீழே. கேம் கமிஷன் மாநிலத்தின் பொது வரிப்பணத்தில் ஓடுவதில்லை, உரிமக் கட்டணம் அதற்குப் பெரிய வருமானம். அதனால் ஆள் குறைந்தால் கல்லா குறையும். இதை யாரும் மேடையில் முதல் வாதமாக வைக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

எதிர்த்தவர்களில் மலையேறுகிறவர்களும் குதிரைக்காரர்களும் முக்கியமானவர்கள். மலைநடைக்காரர்களின் சங்கமான கீஸ்டோன் ட்ரெயில்ஸ் அசோசியேஷன் எதிர்த்தது. இலையுதிர் காலத்தில் நிம்மதியாக நடக்க ஒரு நாளாவது வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. பண்ணைக்காரர்களின் கதைதான் சுவாரசியம். 'ஞாயிறு ஒருநாளாவது கதவைத் தட்டாமல் இருங்கள்' என்று பல ஆண்டு எதிர்த்த, விவசாயிகளின் சங்கமான ஃபார்ம் பியூரோ இந்த முறை ஆதரவுப் பக்கம் வந்துவிட்டது. சோளத்தையும் சோயாவையும் மான் மேய்ந்த பிறகு மிஞ்சுவதைப் பார்த்த மனமாற்றம். உங்கள் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் இருக்கும், பழைய முறையில் வாழும் கிறிஸ்தவர்களான ஆமிஷ் குடும்பங்களுக்குச் சட்டம் மாறியதால் எதுவும் மாறவில்லை. ஞாயிறு அவர்களுக்கு ஓய்வுநாள். (ஞாயிற்றுக்கிழமை கார் விற்கக் கூடாது என்ற சட்டம் இந்த மாநிலத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை எடுக்க யாரும் இவ்வளவு மல்லுக்கட்டக் காணோம்.)

"நாள் கூடினால் மான் அழிந்துவிடாதா" என்றும் கேட்டாய். பெண்மானைப் பொறுத்தவரை எத்தனை கொல்லலாம் என்பதை நாள் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. வனவிலங்கு மேலாண்மைப் பகுதி ஒவ்வொன்றுக்கும் எத்தனை பெண்மான் உரிமம் என்று கமிஷன் முன்கூட்டியே கணக்குப் போட்டு விற்கிறது. கொம்பு மானோ ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு ஒன்றுதான். நாள் கூடினால் வாங்கிய உரிமம் பயன்படாமல் போவது கொஞ்சம் குறையும்.

உன் நிலத்தில் மான் அதிகமா குறைவா என்று ஊர்ப்பேச்சை நம்பாதே, தரையைப் பார். ஓக் மரங்களுக்கு அடியில் முழங்கால் உயர ஓக் கன்றுகள் இருக்கின்றனவா? வெறும் பெரணியும் புல்லுமாக இருந்தால் மான் கன்றுகளைத் தின்று தீர்த்துவிட்டது என்று பொருள். பெரணியை மான் தொடாது. ஒன்றரை மீட்டர் உயரம் வரை கிளைகளில் இலையே இல்லாமல் கத்தரித்தது போல ஒரு கோடு தெரிந்தால், அது மானின் வாய் எட்டும் உயரம். நீ அனுப்பிய படத்தில் அந்தக் கோடு எனக்குத் தெரிகிறது. அதனால்தான் அனுமதி கொடு என்கிறேன். உண்ணி கடித்து வரும் லைம் நோய்க்காக என்று மட்டும் கொடுக்காதே. அந்தக் கிருமி உண்ணிக்கு ஏறுவது பெரும்பாலும் வெள்ளைக்கால் எலியிடமிருந்து. மான் வளர்ந்த உண்ணிக்குச் சாப்பாடு போடுகிறது, கிருமியைக் கொடுப்பதில்லை. நாலைந்து மான் குறைந்ததால் உன் 20 ஏக்கரில் உண்ணி ஒழிந்துவிடாது.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். தெற்கே வட கரோலினாவில் 2015இல் தனியார் நிலத்தில் ஞாயிறு வேட்டையைத் திறந்தபோது ஒரு நிபந்தனை வைத்தார்கள். காலை 9.30 முதல் பகல் 12.30 வரை துப்பாக்கி கூடாது, வழிபாட்டு இடத்திலிருந்து 500 கஜத்துக்குள் கூடாது. வர்ஜீனியா வழிபாட்டு இடத்துக்கு 200 கஜம் என்று வைத்தது. அவர்கள் மனதில் இருந்தது தேவாலய நேரம். ஆனால் அந்த நேரப் பிரிவு நமக்கு வேறு காரணத்துக்குப் பொருந்துகிறது. மான் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும், மனிதர்கள் நடக்கப் போவது நடுப்பகலில். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மறைந்து அரை மணி வரை மான் வேட்டைக்கு நேரம் உண்டு. அதில் நடுவிலிருக்கும் 9.30 முதல் 2 மணி வரையை நீ எடுத்துக்கொள். மரத்தில் கட்டிய பரணில் உட்காருகிறவருக்குப் பெரிய நஷ்டமில்லை. அவர் ஒரு மறுப்பு சொல்வார், அது நியாயமானது: நவம்பர் நடுவில் இணைசேரும் காலம், அப்போது ஆண்மான் பகல் முழுக்க அலையும். விட்டுக்கொடுப்பதானால் நவம்பர் 9, 16 இரண்டு ஞாயிறுகளுக்கு மட்டும் விட்டுக்கொடு, அன்றைக்கு நீங்கள் அரசுப் பூங்கா பக்கமோ பிட்ஸ்பர்க் கோயிலுக்கோ போய்விடுங்கள்.

கடிதத்தில் இவை இருக்கட்டும். வருகிறவரின் முழுப் பெயரும் வண்டி எண்ணும். பெயர் இல்லாத கடிதம் கைமாறும், அவர் மச்சானும் மச்சானின் நண்பனும் அதே காகிதத்தோடு வருவார்கள். எந்தெந்தத் தேதி என்று ஞாயிறுகளை எண்ணிலேயே எழுது. 'இந்தப் பருவம்' என்று எழுதினால் எந்தப் பருவம் என்று பிறகு வாக்குவாதம் வரும். நிலத்தின் வரைபடத்தை ஒரு தாளில் அச்செடுத்து, பரண் எங்கே, எந்தப் பக்கம் சுடக் கூடாது என்று சிவப்பில் கோடு போடு. சுடுவது பரணிலிருந்து மட்டும் என்பதில் விடாப்பிடியாக நில். ரைஃபிள் குண்டு தடையில்லாமல் போனால் நான்கு கிலோமீட்டரும் தாண்டும். மேலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தவறியது மண்ணுக்குள் போகும். ஆட்கள் வரிசையாக நடந்து மானைக் கலைத்து ஓட்டும் வேட்டைக்கு மட்டும் அனுமதி கொடுக்காதே. ஓடும் மானைத் தொடரும் துப்பாக்கிமுனை பக்கத்து ஆள் மேலும் ஒரு நொடி நிற்கும், விபத்துகள் பிறப்பது அங்கேதான். பரணைக் கழற்றும் தேதியையும் எழுது. ஆணியோ திருகோ மரத்தில் இறங்கக் கூடாது, பட்டையால் கட்டும் வகைதான். ஏறும்போதே விழாமல் தாங்கும் உடல்வார் மாட்டியிருக்க வேண்டும், பரணிலிருந்து விழுவதும் வேட்டைப் பருவத்து விபத்துதான். அடிபட்ட மான் எல்லை தாண்டி ஓடினால் அந்த நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பதையும் சேர்.

காசு வாங்காதே. ஐம்பது டாலர்கூட வேண்டாம். நிலத்தை இலவசமாகப் பிறர் பொழுதுபோக்குக்குத் திறந்துவிடுகிறவரை 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழக்குகளிலிருந்து பெரிதும் காப்பாற்றுகிறது. கட்டணம் வாங்கினால் அந்தக் குடை போய்விடும். நன்றிக்கு மான்தொடை கொண்டுவருவார். வேண்டாம் என்றால் முன்பே சொல்லிவிடு. ஹன்டர்ஸ் ஷேரிங் தி ஹார்வெஸ்ட் என்ற அமைப்பு வழியாக உணவு வங்கிக்குப் போகட்டும்.

அனுமதி இல்லாதவர்களுக்கு எல்லை தெரிய வேண்டும். பலகை அடித்தால் காற்றிலும் கரடி கையிலும் போய்விடும். ஊதாப் பெயின்ட் அடி, 2020 முதல் சட்டப்படி அதுவே 'நுழையாதே' என்ற அறிவிப்பு. (ஃபிலடெல்ஃபியா, அலெகெனி மாவட்டங்களில் மட்டும் செல்லாது. உனக்குப் பிரச்சினையில்லை.) கோடு செங்குத்தாக, குறைந்தது 8 அங்குல நீளம், 1 அங்குல அகலம். தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரத்தில், கோட்டுக்குக் கோடு 100 அடிக்கு மேல் இடைவெளி இல்லாமல். உன் 20 ஏக்கர் ஏறக்குறைய சதுரம் என்பதால் சுற்றளவு 3,700 அடிக்குக் கொஞ்சம் மேல், 38 மரம் போதும். நடந்து பார்த்தால் ஒன்றிரண்டு கூடும். பட்டை உரியும் மரத்தில் அடித்தால் அடுத்த ஆண்டே கோடு உதிர்ந்து கிடக்கும். உதிர்கிற பட்டையைச் சுரண்டிவிட்டு அடி. முன்பே நில அளவைக் கல்லைத் தேடு. அடுத்தவர் மரத்தில் ஊதாக் கோடு போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பது நல்ல அறிமுகம் அல்ல.

வீட்டைச் சுற்றி 150 கஜம், அதாவது 137 மீட்டர், உன் அனுமதியில்லாமல் துப்பாக்கி வேட்டை கூடாத பாதுகாப்பு வட்டம். வில்லுக்கு 50 கஜம். இந்த வட்டத்தைக் கடிதத்தில் யாருக்கும் தளர்த்தாதே.

ஆரஞ்சு உடை விஷயத்தில் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ரைஃபிள் பருவத்து மான் வேட்டைக்காரர் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அணிய வேண்டும், எல்லாப் பக்கமிருந்தும் தெரிய வேண்டும். வில்காரருக்கு அந்தக் கட்டாயமில்லை. அக்டோபர் ஞாயிற்றில் அவர் இலைநிறச் சட்டையில் இருப்பார். நீ அவரைப் பார்க்கவே மாட்டாய், அவர்தான் உன்னைப் பார்க்க வேண்டும். தொப்பியும் மேல்சட்டையும் ஆரஞ்சில் நான்கு பேருக்கும் வாங்கு, ஞாயிறு மட்டுமல்ல, டிசம்பர் முடியும்வரை எல்லா நாளும்.

மான் அறுத்த இடத்தில் குடல் குவியலை விட்டுவிட்டுப் போவது வழக்கம். நடைபாதையிலிருந்து தள்ளிப் போடச் சொல். முடிந்தால் செம்புக் குண்டு கேள், ஈயத் துணுக்கு கலந்த குடலைத் தின்னும் வெண்தலைக் கழுகு செத்துப்போகும், உங்கள் நாயும் அதில் வாய் வைக்கும். மானின் மூளையை அரிக்கும் சிடபிள்யூடி நோய் 2012இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்டது. அதற்காகக் கமிஷன் வகுத்திருக்கும் நோய் மேலாண்மைப் பகுதிக்குள் அடிபட்ட மானின் தலை, முதுகெலும்பு, மண்ணீரலை அதற்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. எல்லை ஆண்டுக்கு ஆண்டு மாறும், கமிஷன் வரைபடத்தில் உன் முகவரியைப் போட்டுப் பார். அந்தப் பகுதிக்குள் மானுக்குத் தீனி போடுவதும் குற்றம். மீந்த சோற்றையும் ஆப்பிள் தோலையும் பின்பக்கம் கொட்டும் பழக்கம் அம்மா உனக்குக் கற்றுக்கொடுத்ததுதான், தெரியும். உரக்குழிக்கு மூடி போட்டுவிடு.

கடிதத்தை இரண்டு படி எடு. ஒன்று அவர் சட்டைப்பையில் இருக்கட்டும், வார்டன் கேட்டால் காட்ட. மற்றது உன்னிடம். அடுத்த ஞாயிறு 19ஆம் தேதி, அதற்குள் அவசரப்பட வேண்டாம். ரைஃபிள் தொடங்கும் நவம்பர் 29ஆம் தேதிக்கு முன் பெயின்ட் காய்ந்திருந்தால் போதும். மாப்பிள்ளையிடம் அந்த மண்நிற மேலங்கியை மார்ச் வரை பெட்டிக்குள் வைக்கச் சொல். பின்னாலிருந்து பார்த்தால் அப்படியே மான்.

அன்புடன்,
அப்பா