கண்ணாடி அறையில் என்ன வேலை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளாகவே நம் பம்பு பட்டறைக்கு வருகிறவர்கள் மூலையில் இருக்கும் கண்ணாடி அறையைக் காட்டி, "அங்க என்னங்க வேலை நடக்குது?" என்று கேட்கிறீர்கள். எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். சிறிய செயற்கைக்கோள்களை ஏற்றிச்செல்லும் ராக்கெட் ஒன்றை இளைஞர் குழு ஒன்று உருவாக்கிவருகிறது. அதன் பம்புக்குச் சுழலும் தண்டான ஷாஃப்டும், அதைத் தாங்கும் வளையமான புஷ்ஷும் கடைந்து கொடுக்கிறோம். மேலே போன ராக்கெட்டின் அடிப்பகுதியைத் திரும்ப எடுத்து மறுபடி பறக்கவிடுவது அவர்கள் திட்டம்.

ராக்கெட்டுக்குப் பம்பா என்று தோன்றும். நியூசிலாந்தின் மாஹியாவிலிருந்து ஏவப்படும் எலெக்ட்ரான் என்ற சிறிய ராக்கெட் 18 மீட்டர் உயரம். சுமார் 300 கிலோ சுமக்கும். அதன் எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயையும் திரவ ஆக்சிஜனையும் தள்ளுவது பேட்டரியில் ஓடும் மோட்டார் பம்புகள்தான். ஒவ்வொன்றும் சுமார் 50 எச்.பி., நிமிடத்துக்கு 40,000 சுற்று. நாம் போர்வெல்லில் இறக்கும் மோட்டார் 3,000-ஐக்கூடத் தொடாது.

பெரிய ராக்கெட் எரிபொருளைக் கொஞ்சம் மிச்சம் வைத்து, எஞ்சினை மறுபடி எரித்து நின்று இறங்கும். சிறியதில் அப்படி மிச்சம் பிடித்தால் சுமக்கும் எடையில் கை வைக்க வேண்டும். அதனால் எலெக்ட்ரான்காரர்கள் பாராசூட்டை நம்பினார்கள். 2020 நவம்பரில் அடிப்பகுதியைக் கடலில் இறக்கி எடுத்தார்கள். உப்புத்தண்ணீர் படக்கூடாதென்று 2022 மே மாதம் ஹெலிகாப்டரில் கொக்கி மாட்டி நடுவானிலேயே பிடித்தார்கள். சுமை சோதனையில் கண்டதுபோல் இல்லை என்று விமானி உடனே விட்டுவிட்டார். அப்புறம் கடல் வழிக்கே திரும்பி, 2023 ஆகஸ்டில் ஒன்பது எஞ்சின்களில் ஒன்றாக, ஏற்கெனவே பறந்து வந்த எஞ்சினையே பொருத்தி ஏவினார்கள்.

நம் வேலையில் முக்கியமானது கடைவது அல்ல, திரும்பி வந்ததைப் பார்ப்பது. போன வாரம் சோதனை ஓட்டம் முடிந்து ஒரு புஷ் வந்தது. விளக்குக்கு நேரே பிடித்தோம். ஒரு பக்கம் கண்ணாடிபோல் மின்னியது. எதிர்ப்பக்கம் நாம் கடைந்த கோடுகூட அழியவில்லை. ஷாஃப்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியிருக்கிறது. தூக்கி எறிகிற ராக்கெட்டில் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது. உங்கள் பம்புகளையும் நாங்கள் இப்படித்தான் படித்தோம்.

இதனால் உங்கள் ஆர்டர் எதுவும் தள்ளிப்போகாது. அந்த அறைக்கு ஒரே ஒரு லேத்தைத்தான் ஒதுக்கியிருக்கிறோம்.

ஒரே ஒரு வேண்டுகோள். கழற்றிய புஷ்ஷைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். எத்தனை மாதம் ஓடியது என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, அப்படியே துடைக்காமல் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
பட்டறையிலிருந்து