கரு பெட்டியில், லைட் வயிற்றில்: குழந்தைப்பேறு டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் குழந்தைப்பேறு மையம் நடத்தும் டாக்டர்களுக்கு,

வணக்கம். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். என் தங்கைக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது, போன வருஷம் ஐவிஎஃப், அதாவது முட்டையை வெளியே எடுத்து லேபில் கருவாக்கிப் பிறகு கருப்பையில் வைக்கும் சிகிச்சை, செய்துகொண்டாள். எந்த மையம் என்று சொல்லப் போவதில்லை. முட்டை எடுத்த மறுநாள் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவளுக்குப் போன் வந்தது. ஐந்து நாள் தினமும் வந்து வயிற்றில் சிவப்பு லைட் காட்டிக்கொண்டால் கரு நன்றாக வளருமாம், பேக்கேஜ் 18,000 ரூபாயாம். அவள் வீட்டுக்காரர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, சீட்டு எடுத்த பணத்திலிருந்து கட்டிவிட்டார்.

துணைக்கு நான்தான் போனேன். மூன்றாவது நாள் பஸ் பள்ளிகொண்டா தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது: கரு இப்போது இவள் வயிற்றிலேயே இல்லையே! அது உங்கள் லேபில், 37 டிகிரி சூட்டில், இன்குபேட்டர் என்ற பெட்டிக்குள் இருக்கிறது. இங்கே வயிற்றில் லைட் அடித்தால் அங்கே அது எப்படி வளரும்? போய்க் கேட்டேன். "லேட்டஸ்ட் டெக்னாலஜிக்கா, பயப்படாதீங்க" என்றது கவுன்சிலர் பொண்ணு. நான் பயப்படவில்லை, கணக்குத்தான் கேட்டேன்.

நான் டாக்டர் இல்லை, பி.எஸ்சி. விலங்கியல் படித்தவள், அவ்வளவுதான். லைட் தெரபியே பித்தலாட்டம் என்றும் சொல்ல வரவில்லை. 1967-இல் ஹங்கேரியில் எண்ட்ரே மெஸ்டர் எலிகளின் மேல் லேசர் காட்டியபோது, சிரைத்த முடி வேகமாக வளர்ந்ததில் தொடங்கிய கதை இது. சிவப்பு ஒளியும் அதை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியும் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டி, ஏடிபி என்ற ஆற்றலைக் கூட்டுவதாகச் சொல்கிறார்கள். முட்டையில் மைட்டோகாண்ட்ரியா ஏராளம், கரு முதல் சில நாள் அதை நம்பித்தான் பிழைக்கிறது, அதனால் யோசனை தப்பில்லை. ஜப்பானில் ஓஷிரோ என்ற மருத்துவர், வருஷக்கணக்கில் குழந்தையில்லாத பெண்களுக்கு லேசர் கொடுத்ததில் சிலர் கருத்தரித்ததாக எழுதியிருக்கிறார். சரி, லேசர் கொடுக்காமல் விட்டிருந்தால் எத்தனை பேர் தரித்திருப்பார்கள்? சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு நிஜ லைட், பாதிப் பேருக்குச் சும்மா லைட் என்று பெரிய அளவில் சோதித்தால்தானே அது தெரியும்?

இன்னொன்று. முட்டை முதிர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும், அதனால் இந்தச் சிகிச்சையை ஆதரிக்கிறவர்களே அந்த மூன்று மாதத்தைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். முட்டையை வெளியே எடுத்த பிறகு லைட் காட்டுவது, அறுவடை முடிந்த வயலுக்கு யூரியா போடுகிற மாதிரி. கருப்பை உட்சுவருக்காக என்று நீங்கள் சொல்லலாம். அப்படியென்றால் அப்படியே சொல்லியிருக்கலாமே, ஏன் "கரு வளரும்" என்றீர்கள்? அதுவும் இந்த ஒளி தோலுக்குள் போகப் போகக் குறைந்துகொண்டே வரும், கருப்பை வரை எவ்வளவு போய்ச் சேரும் என்று யாராவது அளந்தீர்களா?

வேடிக்கை என்னவென்றால் உங்கள் லேபில் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கிறீர்கள்! கரு இயற்கையில் இருட்டில் வளர்வது, மைக்ரோஸ்கோப் வெளிச்சம், அதிலும் நீல ஒளி, அதற்குக் கெடுதி என்று ஃபில்டர் போடுகிறீர்கள். அந்தக் கவனத்தில் கொஞ்சம் பில் போடும்போதும் இருக்கக் கூடாதா?

2021-ஆம் ஆண்டு வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், சிகிச்சையின் நன்மை, தீமை, செலவு, வெற்றி வாய்ப்பு எல்லாவற்றையும் தம்பதிக்கு விளக்கச் சொல்கிறது, புகார் கேட்க ஒரு பிரிவும் வைக்கச் சொல்கிறது. பிரிட்டனில் இதைக் கண்காணிக்கும் எச்எஃப்இஏ, கூடுதல் சிகிச்சைகளுக்கு ஆதாரத்தைப் பொறுத்துப் பச்சை முதல் சிவப்பு வரை நிறம் கொடுத்து எல்லோரும் பார்க்க வெளியிடுகிறது. அவ்வளவு தூரம் எதற்கு, எந்தச் சிகிச்சைக்கு ஆதாரம் உண்டு என்று சலித்தெடுக்கும் காக்ரேன் அமைப்பின் தெற்காசிய மையம் நம் வேலூர் சி.எம்.சி.யில்தானே இருந்தது.

லைட் தெரபி வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இது இன்னும் நிரூபணமாகவில்லை என்று தமிழில் அச்சடித்துக் கையெழுத்து வாங்குங்கள். பில்லில் தனி வரியாகப் போடுங்கள். முட்டை எடுத்த மறுநாள் போன் பண்ணிக் கேட்காதீர்கள், அந்த நேரத்தில் விபூதிக்கு 18,000 என்றாலும் நாங்கள் கட்டுவோம்.

அந்த முறை தங்கைக்கு நிற்கவில்லை. லைட்டால்தான் என்று சொல்ல மாட்டேன், லைட் இல்லாமல் போனாலும் அப்படித்தான் ஆகியிருக்கலாம். இன்னும் இரண்டு கரு உங்களிடம் உறைநிலையில் இருக்கிறது, ஆடி கழிந்ததும் வருகிறோம். "லைட்டு வேணாம்னு நான் சொன்னா டாக்டர் கோச்சுப்பாங்களாக்கா?" என்று நேற்றும் கேட்டாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து ஓர் அக்கா