மகளின் மூன்று கட்டுரைகளைப் படித்தபின்

கும்பகோணம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று கட்டுரைகளும் வந்து சேர்ந்தன. கைப்பேசியின் சிறு திரையில் படிக்க என் கண் இடம் கொடுக்காததால், கடைத்தெருவில் உள்ள ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தேன். பிழை என்று விரல் வைக்க ஓரிடமும் இல்லை. ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகுந்திருக்கிறது. மிகக் கூடாத இடத்தில் மிகவில்லை. ஒருமை பன்மை மயக்கம் எங்கும் இல்லை. வாழ்நாளின் பாதியை மெய்ப்புத் திருத்துவதிலேயே கழித்தவனுக்கு இது பெருமைதான். ஆனாலும் உன் அம்மா வந்து, “எப்படி எழுதியிருக்கிறாள்?” என்று கேட்டபோது, “நன்றாகத்தான் இருக்கிறது, யார் எழுதியது என்றுதான் தெரியவில்லை” என்று என் வாயில் வந்துவிட்டது. அவள் என்னை முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளிடம் விளக்க முடியாததை உனக்கு எழுதுகிறேன்.

பதினேழு வயதில், 1974-இல், நான் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராகச் சேர்ந்தது உனக்குத் தெரியும். எழுத்துகளை வரியாக அடுக்கும் ஸ்டிக்கை இடக்கையில் பிடித்துக்கொண்டு, சாய்த்து வைத்த எழுத்துப் பெட்டியான கேஸின் அறைகளிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தலைகீழாகக் கோக்கும்போது, என்ன எழுதியிருக்கிறது என்பது மனத்தில் ஏறாது; எப்படி எழுதியிருக்கிறது என்பது மட்டும் கைக்குத் தெரியும். ஒருவருடைய கட்டுரையைக் கோத்தால் ஆச்சரியக்குறி இருக்கும் அறை மதியத்துக்குள் காலியாகிவிடும். இன்னொருவரால் ‘ஆனால்’ இல்லாமல் ஒரு பத்தியைத் தொடங்க முடியாது. அவர் கையெழுத்துப் பிரதி வந்த நாளில் பழைய கூட்டெழுத்து ‘னா’வுக்குப் பஞ்சம் வந்துவிடும். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்து பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தை மாற்றியபோது அந்தக் கூட்டெழுத்து வழக்கொழிந்தது. அவருடைய ‘ஆனால்’ ஒழியவில்லை. பெயர் எழுதாத தாள் கையில் வந்தாலும் இது இன்னாருடையது என்று நான்கு வரி கோப்பதற்குள் சொல்லிவிடுவோம். உன் மூன்று கட்டுரைகளையும் பெயரில்லாமல் அந்த நாளில் என்னிடம் கொடுத்திருந்தால், ஏதோ அரசு அலுவலகத்திலிருந்து மலருக்கு வந்த வாழ்த்துரை என்று எண்ணியிருப்பேன்.

முதற்கட்டுரையை எடுத்துக்கொள். “இன்றைய வேகமான உலகில் பெண்கள் வாகனம் ஓட்டக் கற்றுக்கொள்வது காலத்தின் கட்டாயமாகும்” என்று தொடங்குகிறாய். இதே செய்தியைப் போன மாதம் தொலைபேசியில் எங்களிடம் எப்படிச் சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? ஸ்கூட்டர் வாங்கிய புதிதில், எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கிட்டு வலப்பக்கம் திரும்பப் பயந்து, இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி, புனேயில் நீ இருக்கும் கோத்ரூடிலிருந்து நான்கு கிலோமீட்டரில் இருக்கிற அலுவலகத்துக்குப் பதினொரு கிலோமீட்டர் ஓட்டிப் போனதாகச் சொன்னாய். மூன்று இடது சேர்ந்தால் ஒரு வலது ஆகிவிடும் என்று நீயே கண்டுபிடித்த கணக்கையும், ஒரு வாரம் கழித்து நல் ஸ்டாப் சந்திப்பில் முதன்முறை வலப்பக்கம் திரும்பிய அன்று அலுவலகத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்து, பூட்டிய கதவுக்கு வெளியே நின்றதையும் சொன்னாய். அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்ததில் அடுப்பிலிருந்த ரசம் பொங்கி வழிந்தது. கட்டுரையில் இடப்பக்கமும் இல்லை, வலப்பக்கமும் இல்லை. “தொடக்கத்தில் சில தயக்கங்கள் இருந்தபோதிலும் விடாமுயற்சியால் வெற்றி கண்டேன்” என்று இருக்கிறது. அந்த ஒரு வாரத்தை நீ வாழ்ந்தாய். இந்த வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் வாழாமலே எழுதலாம்.

இரண்டாவது கட்டுரையில் கணபதி ஊர்வலத்தின் டோல் தாஷா மேள முழக்கம் “விண்ணதிர” ஒலிக்கிறது. அலமாரித் தட்டிலிருந்த கண்ணாடித் தம்ளர்கள் அந்த அதிர்வில் மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வந்ததைப் பார்த்து நீ ஓடிப் போய்ப் பிடித்ததாகச் சொன்னாயே, அது எங்கே? விண் அதிர்ந்ததை யாரும் பார்த்ததில்லை. தம்ளர் நகர்ந்ததை நீ பார்த்தாய்.

மூன்றாவது கட்டுரை என்னைப் பற்றியது. “ஓயாத உழைப்பின் உருவம், எளிமையின் இலக்கணம் என் தந்தை.” அம்மா, அந்த மனிதரை எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்தவர் வேறொருவர். எழுத்துகளைக் கழுவிய மண்ணெண்ணெய் வாடை போகாத சட்டையுடன் உன்னைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்தவர். ரயிலில் எதிர் இருக்கைக்காரர் தன் மடியில் விரித்த செய்தித்தாளைத் தலைகீழாகவே படித்துவிட்டு, அவர் பக்கத்தைப் புரட்டத் தாமதித்தால் முகம் சுளித்தவர். அதற்காக உன்னை நாணிக் குறுகச் செய்தவர். அவரைப் பற்றி எழுத உனக்கு உரிமை உண்டு. புகழ வேண்டும் என்ற கடமை இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று யோசித்துப் பார்த்தேன். மடித்துக் கட்டிய வேட்டியோடு தெருவில் நடந்து வருகிறவன், பெரியவர் ஒருவர் எதிர்ப்பட்டால் சட்டென்று அதைத் தழைய விட்டுக்கொள்வான் அல்லவா, நம்மில் பலர் பேனாவைக் கண்டால் அப்படி ஆகிவிடுகிறோம். யாரோ ஒரு பெரியவர் படிக்கப் போகிறார் என்ற பயம். பேசும் தமிழும் எழுதும் தமிழும் வெகுதூரம் விலகி நிற்கும் மொழி நம்முடையது. அந்த இடைவெளியைக் கடக்கும்போது சொல்லை மாற்றிக்கொள்கிறோம். கூடவே, தேவையில்லாமல், கண்ணையும் மனத்தையும் மாற்றிக்கொண்டுவிடுகிறோம்.

அதற்கு மருந்தாகப் பேச்சு வழக்கிலேயே எழுதிவிடு என்று சொல்லமாட்டேன். கி. ராஜநாராயணன் இடைசெவலிலேயே பிறந்து வளர்ந்து, கரிசல் சொற்களுக்கு அகராதியே தொகுத்தவர். அந்த மொழி அவருக்கு மூச்சு. வேறு ஊர்க்காரர்கள் அதை எடுத்து உடுத்திக்கொண்டபோது நாடகத்துக்கு இரவல் வாங்கிய உடுப்புப் போல இருந்ததைப் பல கைப்பிரதிகளில் பார்த்திருக்கிறேன். நீ கும்பகோணத்தில் வளர்ந்து, விடுதியில் படித்து, புனேயில் மராத்தி பேசிக் காய்கறி வாங்குகிறவள். ‘போனேன்’ என்று எழுதினாலும் ‘போனேங்க’ என்று எழுதினாலும் ஒன்றுதான். எங்கே போனாய், போகும் வழியில் எதைப் பார்த்து நின்றாய் என்பதில்தான் நீ இருக்கிறாய்.

நம் ஊர்க் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழ் கற்பித்த உ. வே. சாமிநாதையரைப் பார். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த பெரும்புலவர். இலக்கணம் பிறழ எழுதத் தெரியாதவர். எண்பது வயதைக் கடந்தபின், 1940-இல், ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கியபோது எங்கிருந்து தொடங்கினார்? தம் பெருமையிலிருந்தோ தமிழின் தொன்மையிலிருந்தோ அல்ல. தஞ்சை அரசர் ஒருவர் ஏகாதசி என்பதை மறந்து தாம்பூலம் போட்டுக்கொண்டுவிட்டு, அந்தப் பிழைக்குப் பரிகாரமாக ஓர் ஊரையே தானம் செய்தார், அதுதான் எங்கள் உத்தமதானபுரம் என்று தொடங்குகிறார். மொழி எழுத்துத் தமிழ்தான். கொச்சை ஒன்றும் கிடையாது. ஆயினும் அந்த வெற்றிலையின் சிவப்பில் ஒரு முதியவர் கண்ணைச் சிமிட்டுவது தெரிகிறது. எழுத்துத் தமிழில் தன் குரலோடு பேச முடியாது என்று யாராவது சொன்னால் அந்த முதல் அத்தியாயத்தைக் காட்டு.

மறுபக்கத்தில், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை இருக்கிறார். 1736-இல் தொடங்கி 1761-இல் இறக்கும் காலம்வரை நாட்குறிப்பு எழுதினார். நடை அந்தக் காலத்துப் பேச்சுத் தமிழ். இலக்கணப் புலவர் யாரும் பாராட்டியிருக்கமாட்டார். கப்பல் வரவும், வியாபாரமும், யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதும், துய்ப்ளேயின் மனைவிமீது தமக்கிருந்த கசப்பும் ஒளிவில்லாமல் அதில் கிடக்கின்றன. அச்சேறும் என்று எண்ணாமல் எழுதியதாலோ என்னவோ, இரண்டரை நூற்றாண்டுக்குப் பின்னும் அந்த மனிதர் நம் பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுப்பது போல இருக்கிறது. இந்த இருவருக்கும் மொழிநடையில் பொது ஒன்றுமில்லை. தமக்கு எது பெரிதாகப் பட்டதோ அதைப் பெரிதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிறர் எதைப் பெரிது என்பார்கள் என்று பார்க்கவில்லை.

இனி, நீ செய்து பார்க்கக் கூடியவற்றைச் சொல்கிறேன். எழுத உட்காரும்போது ‘வாசகர்கள்’ என்ற கூட்டத்தை மனத்திலிருந்து அனுப்பிவிட்டு, ஒரே ஒருவரை எதிரில் உட்கார வைத்துக்கொள். அது அம்மாவாக இருக்கலாம், விடுதித் தோழியாக இருக்கலாம். அவரிடம் நீ முதலில் எதைச் சொல்வாயோ அதுவே முதல் வரி. பின்னணி விளக்கம் அவர் புருவத்தை உயர்த்தும்போது வந்தால் போதும். எழுதி முடித்தபின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேராக நின்று, ‘இதை வேறு யாராவது எழுதியிருக்க முடியுமா?’ என்று கேள். முடியும் என்றால் தயங்காமல் அடித்துவிடு. உன் முதற்கட்டுரையை நான் அப்படிப் பார்த்தபோது இரண்டு வரிகள் தேறின. அதற்காக மனம் தளராதே; அந்த இரண்டும் நல்ல வரிகள்.

நன்னூலில் பவணந்தியார் நூலுக்குப் பத்துக் குற்றம், பத்து அழகு என்று வகுத்திருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்திருப்பாய். குற்றங்களில் ‘வெற்றெனத் தொடுத்தல்’ என்று ஒன்று. பொருளின்றி வெறுஞ்சொற்களை அடுக்கிக்கொண்டே போவது. காலத்தின் கட்டாயம், விண்ணதிர, எளிமையின் இலக்கணம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். அழகுகளில் ‘ஓசையுடைமை’ என்று ஒன்று. எழுதியதை வாய்விட்டுப் படித்தால் மட்டுமே அது இருக்கிறதா என்று தெரியும். எந்த இடத்தில் உன் வாய்க்கே கூச்சமாக இருக்கிறதோ அந்த இடம் உன்னுடையது அல்ல. ஆனால் பவணந்தியார் குற்றம் என்று சொன்ன ‘மற்றொன்று விரித்தல்’ விஷயத்தில் மட்டும் நான் அவருக்குக் கட்டுப்படமாட்டேன். ஸ்கூட்டர் கதைக்கு நடுவில், பூட்டிய கதவுக்கு வெளியே காவலாளி தன் தேநீரில் பாதியை உனக்கு ஊற்றிக் கொடுத்ததைச் சொன்னாயே, இலக்கணப்படி அது வேண்டாதது. எனக்கு அதுதான் மறக்கவில்லை. இதையே சாக்காக வைத்துப் பக்கம் பக்கமாக அலைந்துவிடாதே.

வரிக்கு வரி ‘நான்’ என்று எழுதினால் உன் குரல் வந்துவிடும் என்றும் எண்ணாதே. தமிழ் வினைமுற்றிலேயே ‘நான்’ இருக்கிறது. ‘பயந்தேன்’ என்றால் போதும். அதைவிட, ஒரு பொருளைப் பற்றி உனக்கு உண்மையில் என்ன தோன்றியது என்பதை ஒளிக்காமல் சொல்வது கடினம். வாடகை வீட்டின் சொந்தக்காரர் கொடுத்த மோதகம் உனக்குப் பிடிக்கவில்லை என்று எங்களிடம் சொன்னாய். கட்டுரையில் “சுவைமிகுந்த மோதகம்” என்று இருக்கிறது. நம் ஊர்க் கொழுக்கட்டையைத் தேடிய நாக்குக்கு அது பிடிக்கவில்லை என்று எழுதினால் வீட்டுச் சொந்தக்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டிய ஒன்றைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறேன். நீ கல்லூரி விடுதிக்குப் போன முதல் மாதம் எனக்கு ஆறு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினாய். அப்போது கைவேலை போய்க் கணினி வந்துவிட்டது. நான் முழுநேரமும் மெய்ப்புத் திருத்துகிறவனாக இருந்தேன். நாள் முழுதும் ஓடிய பேனா வீட்டுக்கு வந்தும் நிற்கவில்லை. உன் கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தி, ஓரத்தில் குறிகள் இட்டு, இனிமேல் கவனமாக எழுதுவாய் என்று ஒரு வரி சேர்த்து உனக்கே திருப்பி அனுப்பினேன். நல்லது செய்ததாகத்தான் எண்ணினேன். அடுத்த கடிதம் இரண்டு மாதம் கழித்து வந்தது, ஒன்றரைப் பக்கம், ஒரு பிழை இல்லை. “நலம், நலமறிய ஆவல்” என்று தொடங்கியிருந்தது. அதன் பிறகு வந்தவை எல்லாம் அப்படியே. இந்த மூன்று கட்டுரைகளைப் படிக்கும்போதுதான், அந்த ஒன்றரைப் பக்கத்தின் நடை எனக்கு அடையாளம் தெரிந்தது.

கட்டுரைகளின் அச்செடுத்த தாள்களைத் தனியே தபாலில் அனுப்புகிறேன். பென்சிலால் சில இடங்களில் கோடு மட்டும் போட்டிருக்கிறேன். உன் குரல் கேட்ட இடங்கள் அவை. சிவப்புப் பேனா வீட்டில் இல்லை.

அந்தப் பழைய ஆறு பக்கக் கடிதத்தை நீ வைத்திருந்தால் எனக்கு ஒரு பிரதி எடுத்து அனுப்பு. அதில் பதினான்கு பிழைகள் இருந்தன என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ என்ன எழுதியிருந்தாய் என்பது ஒரு வரிகூட நினைவில்லை.

அன்புடன்,
அப்பா