கூலண்ட் மாற்றாமல் இனி மலை ஏறாதே

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் கேட்டால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். முழுக்க வாசி.

இறம்பொடை ஏற்றத்தில் காரின் சூட்டு முள் சிவப்புக்குக் கிட்டப் போனதாம், கடை ஒன்றில் பைப் தண்ணீர் வாங்கி ஊற்றிக்கொண்டு நுவரெலியா போய்ச் சேர்ந்தாயாம். அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் "எல்லாம் ஓகே அம்மா" மட்டும்தான் வந்தது. அக்கா இன்னொன்றும் சொன்னாள். அதை இப்போது எழுதவில்லை. கார் விஷயம் மட்டும் எழுதுகிறேன்.

சூட்டோடு சூடாக ரேடியேற்றர் மூடியைத் திறந்தாயா? இதைக் கேட்காமல் எனக்கு நித்திரை வராது. பருப்பு அவியவே மாட்டேன் என்கிறது என்று போன புதிதில் சொன்னாய் அல்லவா? நீ இருக்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே திறந்த சட்டியில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதற்குத்தான் பிரஷர் குக்கர் வாங்கி அனுப்பினேன். ரேடியேற்றர் மூடி செய்வதும் அதே வேலைதான். அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. ஆவி அடங்காத குக்கரை யாராவது திறப்பார்களா? முகமே வெந்துவிடும். எஞ்சின் ஆறும் வரை, கையால் தொட்டுப் பார்க்கும் வரை, மூடியில் கை வைக்காதே.

எஞ்சின் சூட்டைத் தணிக்க ரேடியேற்றரில் ஊற்றும், குளிரிலும் உறையாத திரவம்தான் கூலண்ட். நம் நாட்டில் பனி கொட்டுவதில்லை, அது எதற்கு, பச்சைத் தண்ணீரே போதும் என்று சொல்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதே. கூலண்டும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் கொதிநிலை கூடும், அது ஒன்று. பெரிய விஷயம் துரு. அலுமினியத்தையும் இரும்பையும் அரிக்காமல் காக்கும் மருந்து கூலண்டில் இருக்கிறது, பைப் தண்ணீரில் இல்லை. பைப் தண்ணீரில் இருக்கும் உப்பெல்லாம் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்து அடைத்துவிடும். வெள்ளவத்தைக் கிணற்றுத் தண்ணீர் கேத்தலை என்ன பாடு படுத்தியது என்று நீயே பார்த்திருக்கிறாய்.

அந்தத் துரு மருந்தும் காலத்தோடு தீர்ந்துவிடும். டொயோட்டாவின் பிங்க் நிறக் கூலண்டை முதல் தடவைக்குப் பிறகு 80,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை அல்லது 5 வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். எது முதலில் வருகிறதோ அது. நம் காருக்குக் கடைசியாக மாற்றியது 2019இல். 2022இல் பெற்றோல் இல்லாமல் மாதக்கணக்கில் கேட்டுக்குள்ளேயே நின்றதே, அந்தக் காலமும் கணக்கில் சேரும். ஓடாமல் நின்றாலும் கூலண்டுக்கு வயது போகும்.

நீ நல்ல டிரைவர். காலி வீதி நெரிசலில் அப்பாவே ஸ்டியரிங்கை உன்னிடம் தந்துவிடுவார், அவர் வேறு யாரிடம் தந்திருக்கிறார்? ஆனால் ஓட்டத் தெரிந்தால் போதாது, மகன். அப்பா டோஹாவில் இருந்த காலமெல்லாம் இந்தக் காரைப் பார்த்தது நான்தான். கராஜில் கதிரை போட்டு உட்கார்ந்து மெக்கானிக் பாஸ் செய்வதைப் பார்ப்பேன். பக்கத்தில் நின்ற உனக்கு அப்போதும் கையில் போன்தான்.

அங்கேயே யாரிடமாவது செய்வித்தால் இதைக் கவனி. ஆறிய எஞ்சினில் கீழ்க்குழாயைத் திறந்து பழையதை ஒரு பேசினில் பிடிக்க வேண்டும். வடிகானில் ஊற்ற விடாதே, இனிப்பாக இருக்கும் என்று நாய் நக்கிவிடும், அது கொடிய நஞ்சு. பிறகு பற்றரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வோட்டரை நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் சுற்றத் தொடங்கும் வரை எஞ்சினை ஓட விட வேண்டும். சூடானதும் தண்ணீருக்கு வழி விடும் தெர்மோஸ்டாட் என்ற வால்வு திறந்தால்தான் உள்ளே கிடக்கும் அழுக்கு வெளியே வரும். ஆற விட்டு வடித்து, தெளிந்த தண்ணீர் வரும் வரை திரும்பச் செய்ய வேண்டும். அவசரக்காரன் ஒரே தடவையில் முடித்துவிடுவான், விடாதே.

இன்னொன்று, பலர் கவனிப்பதில்லை. எவ்வளவு வடித்தாலும் எஞ்சினுக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கும். கலந்து விற்கும் கூலண்டை அதன் மேல் ஊற்றினால் நீர்த்துப் போகும். கலக்காததை வாங்கி, மொத்தக் கொள்ளளவில் பாதியை முதலில் ஊற்றிவிட்டு மிச்சத்துக்கு டிஸ்டில்ட் வோட்டர் விட்டால் கணக்குச் சரியாக வரும். கடைசியில் மூடியைத் திறந்தபடியே ஓட விட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று தங்கினால் ஏற்றத்தில் முள் மறுபடி ஏறும். அடுத்த நாள் காலையில் மட்டத்தைப் பார்.

ஒயில் மூடியின் அடியில் பால் மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே பார். இருந்தால் காரை எடுக்கவே வேண்டாம், பஸ்ஸில் வா. கூலண்ட் ஒயிலில் கலக்காமல் தடுக்கும் கேஸ்கட் போயிருந்தால்தான் அப்படி வரும், அதற்குக் கூலண்ட் மாற்றி ஒன்றும் ஆகாது. செலவு வருமே என்று என்னிடம் மறைக்காதே. செலவு வந்தால் பார்த்துக்கொள்ளலாம். எது வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம், மகன். அக்கா சொன்னதும் அதில் சேர்த்திதான்.

ஆனால் ஒன்று, சூட்டில் மூடியைத் திறக்காதே.

கலக்காத கூலண்டைப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கி வரச் சொல்லி அப்பாவை அனுப்பப் போகிறேன். சீல் பார்த்து வாங்குவார். அப்பா உன்னைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை, உன் அறை ஃபேனை மட்டும் கழற்றித் துடைத்து வைத்திருக்கிறார். கார் ஓடுகிற நிலையில் இருந்தால் அதிகாலைக் குளிரில் மெதுவாக இறங்கி வா, இங்கேயே செய்யலாம். வெள்ளிக்கிழமை லீவு கிடைக்குமா? ஆம், இல்லை என்று மட்டும் எழுது, பாஸிடம் நேரம் சொல்லி வைக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா